அடுக்களைப் புகையும் கருவின் வளர்ச்சியும்

பிறக்கும்போது 2,500 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள சிசு, எடை குறைந்த சிசு எனப்படும். 2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, எடை பதிவு செய்யப்பெற்ற குழந்தைகளில் 18 சதவீதம் இவ்வகையைச் சேர்ந்தவை. கர்ப்பிணிகளுள் 52 சதவீதத்தினர் இரத்தச்சோகை உற்றவர் என்பதும், தூய எரிபொருளால் சமைக்கும் இல்லங்கள் 58.6 சதவீதமே என்பதும் அதே ஆய்வு தரும் செய்திகள். அறிக்கையில் இவை வெவ்வேறு அட்டவணைகளில் இடம் பெறுகின்றன. கிராமத்திலோ இம்மூன்றும் ஒரே வீட்டில் ஒருங்கே காணப்படுவது உண்டு. ஆகவே களப்பணியாளர் இவற்றைச் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

விறகு, சுள்ளி, வறட்டி, பருத்தி மிளாறு ஆகியவை அடுப்பில் முழுமையாக எரிவதில்லை. எரியாது எஞ்சுவன புகையாகின்றன. அப்புகையில் கேடு விளைவிப்பவை பலவாயினும், கருவின் வளர்ச்சியைப் பொறுத்தவரை இரண்டு முக்கியமானவை: கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயு; 2.5 மைக்ரானுக்கும் சிறிய நுண்துகள்கள். தலைமயிரின் குறுக்களவில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே இத்துகள்களின் அளவு. கண்ணைக் கரிக்கும் புகையைப் பெண்கள் அறிவர். கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. புகை அடங்கிக் கனல் மட்டும் இருக்கும் நேரத்திலும் அது வெளிப்பட்டுக்கொண்டே இருக்கும் என்பதைப் பலர் அறியார்.

இவ்வாயு உடலில் செய்வது என்ன? சுவாசத்தில் உட்சென்ற பிராணவாயுவை இரத்தத்தில் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். கார்பன் மோனாக்ஸைடு அந்த ஹீமோகுளோபினுடன் பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் இணைகிறது. இவ்வாறு இணைந்த பகுதி பிராணவாயுவைச் சுமக்க இயலாது. எடுத்துக்காட்டாக, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 12 கிராம் ஹீமோகுளோபின் உள்ள பெண் சுமார் 16 மில்லிலிட்டர் பிராணவாயுவைச் சுமக்கக் கூடும். சோகையால் அது 8 கிராமாகக் குறைந்தால் சுமை 11 மில்லிலிட்டருக்குச் சற்றுக் குறைவாகிறது. அந்த 8 கிராமிலும் 8 சதவீதத்தைப் புகை கவர்ந்துகொண்டால், பயன்படுவது 7.4 கிராமே.

கேடு இக்கணக்கோடு முடிவதில்லை. சோகையுற்ற உடல், தன்னிடமுள்ள சிறிதளவு பிராணவாயுவைத் திசுக்களுக்கு எளிதில் விட்டுக்கொடுக்குமாறு தன்னைச் சரிப்படுத்திக்கொள்கிறது. இது இயற்கை அளித்த பாதுகாப்பு. கார்பன் மோனாக்ஸைடோ இதற்கு நேர்மாறாக, எஞ்சிய ஹீமோகுளோபின் பிராணவாயுவை இறுகப் பற்றிக்கொள்ளும்படி செய்கிறது. ஆதலால் சோகையுற்ற தாய்க்குப் புகையால் விளையும் தீங்கு, நல்ல இரத்தமுள்ள தாய்க்கு விளைவதினும் மிகுதி. இவ்வாயு நச்சுக்கொடியையும் கடந்து செல்கிறது. சிசுவின் இரத்தத்தில் அது மெதுவாக ஏறி, மெதுவாகவே நீங்குகிறது; நெடுநேரம் புகை நீடிப்பின் தாயின் இரத்தத்திலுள்ளதை விடச் சற்று மிகுதியாகவும் சேர்கிறது. காலைச் சமையலின் எச்சம் முற்றும் அகலுமுன் மாலை அடுப்பு மூட்டப்படுகிறது.

நுண்துகள்கள் நுரையீரலில் அழற்சியை உண்டாக்குகின்றன. அதன் விளைவாக நச்சுக்கொடியின் இரத்த ஓட்டம் பாதிக்கப்படக்கூடும் எனக் கருதப்படுகிறது. கரித்துகள்கள் நச்சுக்கொடியில் சிசுவை நோக்கிய பக்கத்திலேயே காணப்பட்டதை 2019இல் பெல்ஜியத்து ஆய்வாளர் வெளியிட்டனர்.

இனி உணவு. கருவின் எடையில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில் சேர்வது. 28 வாரத்தில் ஒரு கிலோகிராம் அளவிலுள்ள சிசு, பிறக்கும்போது அதனினும் இரண்டரை மடங்குக்கு மேல் வளர்ந்திருக்கும். கர்ப்பிணிக்கு நாள்தோறும் ஏறத்தாழ 350 காலரி கூடுதலாகத் தேவை. ஆனால் வயிறு நிறைந்தால் மட்டும் போதாது. பூனாவை அடுத்த ஆறு கிராமங்களில் நடந்து 2001இல் வெளியான ஆய்வில், தாயர் உண்ட மொத்தக் காலரிக்கும் சிசுவின் அளவுக்கும் தொடர்பு காணப்படவில்லை. கீரை, பழம், பால் ஆகியவற்றை அடிக்கடி உண்ட தாயரின் சிசுக்களே பெரியவையாய் இருந்தன. வீட்டில் அனைவரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் பெண்ணின் தட்டில் இம்மூன்றுமே முதலில் இல்லாது போகின்றன.

அடுப்பை மாற்றினால் சிசுவின் எடை கூடுமா? இக்கேள்வி ஆராயப்பட்டுள்ளது, விடை எளிதானதன்று. தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2018இல் வெளியிடப்பெற்ற ஆய்வில், ஒரு கன மீட்டர் காற்றில் நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடும்போது பிறப்பெடை 4 கிராம் குறைவாயிருந்தது. பின்னர் இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிகளிடம் நடந்த பெருஞ்சோதனையின் முடிவு 2022இல் வெளிவந்தது. இந்தியப் பகுதி விழுப்புரம், நாகப்பட்டினம் வட்டாரங்களில் நடைபெற்றது. ஒரு சாராருக்கு எரிவாயு அடுப்பும் எரிவாயுவும் இலவசமாக அளிக்கப்பட்டன; மற்றவர் வழக்கம்போல் விறகில் சமைத்தனர். எரிவாயு பெற்றோர் சுவாசித்த நுண்துகள் கன மீட்டருக்கு 24 மைக்ரோகிராம்; மற்றவருக்கு 71. ஆயினும் சிசுக்களின் சராசரி எடையில் காணப்பட்ட வேற்றுமை 20 கிராம் அளவே. அது தற்செயலாகவும் நேர்ந்திருக்கக் கூடியது.

இதைக்கொண்டு புகை தீங்கற்றது என முடிவு செய்வது பிழையாகும். அடுப்பு மாறியது கருவுற்றுச் சில மாதங்கள் கழிந்த பின்னரே. சமையலறைக்கு வெளியிலிருந்து வரும் மாசும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த ஆண்டு வரம்பு 5 மைக்ரோகிராமே. மேலும், தாயின் உணவும் இரத்தமும் குறைந்தே இருக்குமாயின், காற்று தூயதானது மட்டும் சிசுவை வளர்த்துவிடாது. எரிவாயு உருளை வந்தால் குழந்தை கொழுகொழுவெனப் பிறக்கும் என்று வாக்களிப்பதைப் பணியாளர் தவிர்ப்பது நலம். அவ்வாக்கு பொய்த்தால் அவருடைய மற்றச் சொற்களையும் ஊரார் நம்பார்.

வீடு காணச் செல்லும்போது, “எரிவாயு இணைப்பு உள்ளதா?” என்று கேட்பது பயனற்றது. 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்திற்குப் பின் இணைப்புள்ள வீடுகள் பல. அவற்றுள் உருளை தீர்ந்ததும் விறகுக்கு மீள்பவையும் பல. நேற்று வெந்நீர் எதில் காய்ந்தது, மாட்டுக்கு எதில் காய்ச்சினர் எனக் கேட்டால் உண்மை வெளிப்படும். விறகே கதியாயின், அடுப்பைத் திறந்த தாழ்வாரத்திற்கு மாற்றலாம். நன்கு உலர்ந்த விறகையே எரிக்கலாம். கர்ப்ப காலத்திலேனும் மாமியாரோ கணவரோ அடுப்பைக் கவனிக்கலாம். புகைபோக்கி வைப்பதும் உதவும். 1953இலேயே ஐதராபாத்தில் எஸ். பி. ராஜு புகையற்ற அடுப்பை வகுத்து நூலும் எழுதினார். ஆனால் கரி படிந்து அடைத்த புகைபோக்கியால் ஒரு பயனும் இல்லை. ஆசிரியர்கள் நனைத்த வெள்ளைத் துணியை ஒரு நாள் அடுக்களையில் தொங்கவிட்டு மாணவரிடம் காட்டலாம்; கார்பன் மோனாக்ஸைடு அத்துணியில் தெரியாது என்பதையும் கூடவே சொல்லுதல் வேண்டும்.

இரும்புச் சத்து மாத்திரை 180 நாட்கள் தரப்படுகிறது. மலம் கறுத்தலும் குமட்டலும் கண்டு பலர் நிறுத்திவிடுகின்றனர்; இவை நேரும் என முன்கூட்டியே சொல்லப்பட்டவர் நிறுத்துவது குறைவு. சுண்ணாம்புச் சத்து மாத்திரையை அதனுடன் சேர்த்து விழுங்கலாகாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். உணவுடன் தேநீர் அருந்துவது இரும்பு சேர்வதைத் தடுக்கும். நெல்லிக்காயோ எலுமிச்சையோ அதற்கு உதவும். பிறந்த சிசுவின் எடையைக் குறிக்கும் பதிவேட்டில், தாயின் ஹீமோகுளோபின் அளவையும் அடுப்பின் வகையையும் அருகிலேயே எழுதி வைத்தால், அடுத்த ஆண்டு எந்த வீடுகளுக்கு முதலில் செல்ல வேண்டும் என்பது அப்பக்கத்திலேயே தெரியும்.