பூச்சிப் பொறிக்கு ஏற்ற நிறமும் ஒளியும்

தூண்டிலிடுவோன் வெளிச்சத்தின் தன்மை அறிந்து இரையின் நிறத்தைத் தெரிவு செய்வான். பூச்சிப் பொறி வைக்கும் கமக்காரரும் அவ்வாறே செய்தல் வேண்டும்.

பகற்பொறி: வெண்ணீயும் அழுக்கணவனும் மஞ்சள் நிறத்தை நாடும், பனிப்பூச்சிகள் பல நீல நிறத்தையும் நாடும். அந்நிறம் பூசிய தகரத்திற் கிறீஸ் தடவி, மிளகாய், தக்காளிப் பயிரின் உச்சிக்குச் சற்று மேலே நிறுத்துக. தூசி படிந்து நிறம் மங்கினால், துடைத்து மீண்டும் தடவுக.

இரவுப்பொறி: நெல்லின் தண்டு துளைப்பான் அந்துப்பூச்சிகளும் கபிலநிறத் தத்திகளும் விளக்கை நாடி வரும். விளக்கின் கீழ்ச் சவர்க்கார நீர்த் தட்டு வைத்தல் வேண்டும். நிலவற்ற இரவிற் பூச்சிகள் மிகுதியாக அகப்படும். பூரணையை அண்டிய இரவுகளில் நிலவொளி விளக்கின் கவர்ச்சியைக் குறைத்துவிடும். பலத்த காற்றிலும் மழையிலும் பூச்சிகள் பறப்பதும் குறையும். ஆகவே, அந்நாட்களில் தட்டு வெறுமையாயிருப்பின், வயலிற் பூச்சி இல்லையென எண்ணி வாளாவிருத்தல் ஆகாது. வயலில் இறங்கி, இலைகளில் முட்டைத் திரள் உண்டா, நடுக்குருத்து வாடியுள்ளதா எனப் பார்த்தறிக.

விளக்கு நன்மை செய்யும் பூச்சிகளையும் கவர்ந்து கொல்லும். ஆதலின், முன்னிரவிற் சில மணி நேரம் மட்டும் ஏற்றுக.

பொறியினால் மட்டும் பீடை முற்றாக ஒழியாது. அதன் வரவை முன்னறியவே பொறி பெரிதும் உதவும். அகப்பட்ட பூச்சிகளின் தொகையுடன் அன்றைய வானத்தின் நிலையையும் நாடோறும் குறித்து வருக. தொகை திடீரெனப் பெருகினால், மருந்து தெளிக்குமுன் உங்கள் விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையைப் பெறுக.