நினைவும் தொண்டும்

சென்ற ஆண்டு ஐப்பசித் திங்களில் ஒரு மாலை, சேவைக் கழக மாணவர் நால்வர் அம்பிட்டியவிலுள்ள என் இல்லம் வந்தனர். நவம்பர் 11ஆம் நாள் நிகழவிருந்த நினைவுநாட் கூட்டத்திற் பேசுதற்கு ஒரு சொற்பொழிவு எழுதித் தருமாறு வேண்டினர். எத்துணை நேரம் பேச எண்ணுகின்றீர்கள் என்றேன். ஐந்து நிமிடப் பேச்சும் இரண்டு நிமிட மௌனமும் என்றனர். அதன் பின்னர் யாது செய்வீர்கள் என்றேன். ஒருவரையொருவர் நோக்கினரேயன்றி விடை கூறவில்லை. சொற்பொழிவை எழுதிக் கொடுத்தனுப்பினேன். ஆயினும் யான் வினாவிய வினா என்னை விட்டு நீங்கவில்லை. அதற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரை.

நினைவுநாளின் வரலாறு மாணவர் பலரும் அறிந்ததே. முதல் உலகப் போர் 1918ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் முற்பகல் 11 மணிக்கு ஓய்ந்தது. மறு ஆண்டு முதல் அந்நேரத்தில் இரண்டு நிமிடம் மௌனங் காக்கும் வழக்கம் உண்டாயிற்று. 1921இல் பிரித்தானியாவிற் செந்நிறப் பொப்பி மலர் விற்பனை தொடங்கியது. இவை நமக்குத் தொலைவிலுள்ள செய்திகள் அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது, 1944இல், நேசநாடுகளின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் பேராதனைப் பூந்தோட்டத்தில் அமைந்தது. அப்போர்க் காலத்தில் இறந்தவர்களின் கல்லறைத் தோட்டம் கண்டியில் தெவனி ராஜசிங்க மாவத்தையில் உள்ளது. ஆங்கிலேயர், கிழக்காபிரிக்கர், இந்தியர், இலங்கையர், கனடியர் ஆகியோர் அங்கு அருகருகே துயில்கின்றனர். இத்தாலி நாட்டவர் சிலரும் அவர்களோடு உளர்.

பதவியும் இனமும் சமயமும் பற்றி இறந்தாரிடை வேறுபாடு காட்டலாகாது என்பது அத்தகைய கல்லறைகளைப் பேணும் ஆணைக்குழுவின் கொள்கை. ஆயினும் முதல் உலகப் போரில் மடிந்த ஆபிரிக்க, ஆசிய வீரர் பல்லாயிரவர்க்குப் பெயர் பொறித்த கல் தனித்தனியே நாட்டப்படவில்லை என்பதை அவ்வாணைக்குழுவே 2021இல் ஒப்புக்கொண்டு வருத்தந் தெரிவித்தது. நினைக்கப்படுவோர் யாவர், மறக்கப்படுவோர் யாவர் என்னும் வினா இதனால் எழுகின்றது.

இறந்தாரைக் கல்லிலே நினைத்தல் தமிழர்க்குப் புதிதன்று. போரில் வீழ்ந்த மறவர்க்கு நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் புறத்திணையியலிற் கூறுகின்றது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என அம்முறை ஆறு படிகளை உடையது. தக்க கல்லைத் தேடிக் காணுதல் காட்சி. அதனைக் கொண்டுவரத் தொடங்குதல் கால்கோள். நீராட்டித் தூய்மை செய்தல் நீர்ப்படை. நிலத்தில் நாட்டுதல் நடுதல். படையலிட்டுச் சிறப்புச் செய்தல் பெரும்படை. இறுதியிலே புகழ்ந்து பாடுதல் வாழ்த்தல். மாணவர் இவ்வரிசையை ஊன்றி நோக்குதல் வேண்டும். ஆறனுள் முதல் ஐந்தும் உடல் வருந்திச் செய்யும் வேலை. ஆறாவது ஒன்றே வாயினாற் செய்வது. நாமோ வாழ்த்திலே தொடங்கி வாழ்த்திலேயே முடித்துவிடுகின்றோம்.

சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டமும் இவ்வரிசையைத் தழுவியே காதைகளுக்குப் பெயர் கொண்டுள்ளது. கண்ணகிக்குச் சிலை செய்யச் சேரன் செங்குட்டுவன் இமயத்திற் கல்லெடுத்துக் கங்கையில் நீர்ப்படுத்தினான். அக்கல்லைத் தோற்ற ஆரிய மன்னர் தலைமீது ஏற்றிக் கொணர்ந்தான். ஒருவர்க்குச் செய்யும் சிறப்பு மற்றொருவர்க்கு இழிவாக முடிந்த இடம் இது. ஆயின் காப்பியம் அவ்விடத்தே நின்றுவிடவில்லை. மாடலன் என்னும் மறையோனின் அறவுரையைக் கேட்ட மன்னன் அவ்வரசரைச் சிறையினின்றும் விடுவிக்கின்றான். பத்தினிக் கடவுளின் வழிபாட்டில் அவர்களும் உடனிருக்கின்றனர்; இலங்கை வேந்தன் கயவாகுவும் உடனிருக்கின்றான். அப்பத்தினித் தெய்வத்துக்குக் கண்டி நகரில் இன்றும் தேவாலயம் உண்டு. எசல பெரஹராவில் அத்தேவாலயத்து ஊர்வலமும் செல்கின்றது. தமிழ் மகள் ஒருத்தியின் நினைவைச் சிங்கள மக்கள் தம்முடையதாகப் போற்றி வருதல் நம் ஊரிலேயே நாம் காணும் உண்மை.

நினைவு தொண்டாக மாறிய நிகழ்ச்சி ஒன்று இலங்கையின் அண்மைக் கால வரலாற்றிலும் உண்டு. பொப்பி மலர் விற்ற பணத்தின் பெரும்பகுதி பிரித்தானியப் படைவீரர்க்கே சென்றது. அதனைக் கண்டு மனம் பொறாத ஏலியன் பெரேரா என்பவர், வறுமையுற்ற இலங்கைப் படைவீரர்க்கென அதே நாளிற் சூரிய மல் விற்கத் தொடங்கினார். சூரிய மல்லாவது நம் பூவரசம்பூ. 1933இல் இளைஞர் கழகங்கள் அப்பணியை மேற்கொண்டு, போரையும் ஏகாதிபத்தியத்தையும் எதிர்க்கும் இயக்கமாக அதனை வளர்த்தன. அவ்வியக்கத்தின் தலைமையை ஏற்றவர் டொரீன் யங் என்னும் ஆங்கிலப் பெண்மணியே ஆவர்.

அடுத்த ஆண்டிலேயே அவ்விளைஞர்க்குச் சோதனை வந்தது. 1934இல் மழை பொய்த்தது. ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. தேங்கிய நீரிலே நுளம்பு பெருகி மலேரியா பரவிற்று. 1934–35ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 80,000 மக்கள் அந்நோய்க்கு இரையாயினர். சூரிய மல் இளைஞர் கேகாலை முதலிய பகுதிகளுக்கு மருந்தும் உணவும் சுமந்து ஊரூராகச் சென்றனர். கலாநிதி என். எம். பெரேரா பருப்புப் பகிர்ந்தளித்தமையாற் கிராம மக்கள் அவரைப் ‘பருப்பு மாத்தயா’ என்று அன்போடு அழைத்தனர். அவர்தம் அரசியலை ஏற்பாரும் உளர்; மறுப்பாரும் உளர். நவம்பரில் மலர் விற்றவர்கள், நோய் வந்தபோது வீட்டினுள் இருந்துவிடவில்லை என்பதே நாம் கொள்ளற்பாலது.

பிற நாட்டிலும் இத்தகைய சான்று உண்டு. 1920இல் பியர் செரசோல் என்னும் சுவிஸ் நாட்டவர், பிரான்சில் வெர்டன் போர்க்களத்தை அடுத்த எஸ்ன் என்னும் சிற்றூரைத் திருத்தியமைக்கத் தொண்டர் சிலரைத் திரட்டினார். நேற்றுவரை பகைவராயிருந்த ஜெர்மானியரும் அவர்களுள் இருந்தனர். நம் நாட்டில் 1958 டிசம்பரில், கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவரைக் குருநாகல் மாவட்டத்துக் கனத்தொலுவைக் கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட மக்களோடு தங்கி அவர்கள் உழைத்தனர். சர்வோதய சிரமதான இயக்கம் அவ்வாறே பிறந்தது. அதனைத் தொடங்கியோர் செல்வரும் அல்லர், அதிகாரிகளும் அல்லர். ஓர் ஆசிரியரும் அவர்தம் மாணவருமே.

இனி, கண்டியைச் சூழ்ந்த மலைநாட்டுக்கு வருவோம். 1820களிற் கம்பளையை அடுத்த சிங்கபிட்டியவிற் கோப்பித் தோட்டம் தோன்றியது. அதன்பின் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டுவழியே நடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலே வீழ்ந்தோர் பலர். அவர்க்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. 2023ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்னும் பெயரால் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, முன்னோர் நடந்த வழியை அவர்தம் வழிவந்தோர் தம் காலால் நடந்து கண்டனர். காட்சி என்னும் முதற்படி இதுவேயாம்.

இதனினும் கடினமானது ஒன்று உண்டு. 2009 மே மாதத்தில் உள்நாட்டுப் போர் முடிந்தது. அது முதல், மே மாதத்தில் அடுத்தடுத்து வரும் இரு நாட்களில், ஒரு சாரார் வெற்றியையும் மற்றொரு சாரார் துயரத்தையும் நினைக்கின்றனர். மகனை இழந்த தாய் இருபாலும் உளள். சிங்கள, தமிழ், முஸ்லிம் மாணவர் ஒரே நகரிற் பயிலும் கண்டியிலே, இவ்விரு நினைவுக்கும் இடந்தரும் மனம் வளராதாயின், சமாதானம் என்பது கூட்டத்துப் பதாகையில் மட்டுமே இருக்கும். தோற்றாரைத் தலைச்சுமையினின்றும் விடுவித்த பின்னரே நினைவு நிறைவுறும் என்னும் காப்பியச் செய்தியை இவ்விடத்தே சிந்தித்தல் நன்று.

ஆகவே கழக மாணவர் செய்யத்தக்கவற்றை அப்பழைய வரிசையிலேயே கூறுகின்றேன். முதலாவது, காட்சி: ஹந்தானைச் சரிவிலும் அயலிலுமுள்ள தோட்ட லயங்களுக்குச் சென்று, முதியோர் வாய்மொழியாக முன்னோர் பெயர்களைக் கேட்டு எழுதுக. இரண்டாவது, கால்கோள்: எழுதியவற்றை ஒரு குறிப்பேடாகத் தொகுக்கத் தொடங்குக, அயற் பாடசாலைச் சிங்கள, முஸ்லிம் மாணவரையும் உடன் அழைத்துக்கொள்க. மூன்றாவது, நீர்ப்படை: தோட்ட மக்கள் நீரெடுக்கும் பீலியையும் அவர்தம் இடுகாட்டையும் துப்புரவு செய்க. நான்காவது, நடுதல்: மரம் ஒன்று நட்டு, மூன்றாண்டு அதற்கு நீர் வார்க்கும் பொறுப்பை வகுப்பு வகுப்பாகக் கைமாற்றுக. ஐந்தாவது, பெரும்படை: அன்னதானமோ இரத்ததானமோ, உயிரோடிருப்பார்க்கு உதவும் ஒன்றைச் செய்க. இவை முடிந்தபின் கூட்டங் கூடி வாழ்த்துக.

லியோ கழகம் 1957இலும் இன்ரறக்ட் கழகம் 1962இலும் அமெரிக்காவில் தோன்றி, இன்று நம் பாடசாலைகளிலும் பரவியுள்ளன. பெயர் எதுவாயினும் குற்றமில்லை. நிழற்படம் எடுத்தற்பொருட்டுத் தொண்டு செய்வதே குற்றம். மண்வெட்டியைப் பத்து நிமிடம் பிடித்துப் படமெடுத்துக்கொண்டு மீளுதல் தொண்டாகாது. பழைய மாணவராகிய நாமும் பரிசளிப்பு மேடையில் அமர்வதோடு நில்லாது, ஆண்டில் ஒருநாளேனும் அவர்களோடு மண்வெட்டி பிடித்தல் வேண்டும். இளையோர் சொல்லைக் கேட்டுக் கற்பதினும் செயலைக் கண்டு கற்பதே மிகுதி.

அந்நால்வரும் இவ்வாண்டும் வருவரென எதிர்நோக்குகின்றேன். இம்முறை சொற்பொழிவு எழுதித் தரப்போவதில்லை. ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் கொடுத்து, வருகின்ற சனிக்கிழமை தோட்டத்துக்கு உடன் வருகின்றேன் என்று கூறுவேன்.