கப்பல் நின்றதும் எங்கே போவது?

ஜெனோவா, நேப்பிள்ஸ், பலெர்மோ, வல்லெட்டா, பார்சிலோனா, மார்செய். பயணிக்கு இது ஒரு வார உல்லாசம். அதே கப்பலின் கிச்சனிலோ டைனிங் ஹாலிலோ ஹவுஸ்கீப்பிங்கிலோ இருப்பவருக்கு ஏழு நாள் டியூட்டி. நடுவில், கிடைத்தால், இரண்டு மூன்று மணி நேரம் கரை.

தென்காசியை அடுத்த அச்சன்புதூர், வடகரை, கடையநல்லூர்ப் பக்கம் வெளிநாட்டு வேலை என்றதும் வாயில் வருவது வளைகுடாதான். கேட்டரிங் படித்துவிட்டுக் கப்பலை யோசிக்கிற பையன்களும் பெண்களும் இப்போது உண்டு. கிளம்பும் முன் அவர்கள் பார்க்கிற வீடியோக்கள் பயணிகளுக்காக எடுத்தவை. ஒரே நாளில் ரோம், ஒரே நாளில் ஃப்ளோரன்ஸ் என்று ஓடும். அதை வைத்துத் திட்டம் போட்டால் தூக்கமும் போகும், பணமும் போகும், சமயத்தில் வேலையும் போகும்.

குற்றால சீசனை நினைத்துப் பாருங்கள். வேனில் வந்து இறங்குகிறவர்கள் அருவிக்கரையிலேயே நெரிசலில் குளித்து, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே சிப்ஸ் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நம்மூர்க்காரர் கூட்டம் குறைந்த நேரம் பார்த்துப் போவார். சாமான் வாங்கத் தென்காசிக்கு வந்துவிடுவார். துறைமுக ஊரில் நீங்கள் இந்த இரண்டாம் ஆள். பயணி அந்த ஊரை ஒருமுறை பார்க்கிறார். உங்கள் கப்பல் வாரம் தவறாமல் அதே ஊருக்குத் திரும்பி வரும் என்றால், ஆறேழு மாத ஒப்பந்தத்தில் அதே துறைமுகம் இருபது தடவைக்கு மேல் வரும். எல்லாவற்றையும் முதல் வாரமே பார்த்துவிட வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

எதுவரை போகலாம்

இதைத்தான் பலரும் கேட்காமல் விடுகிறார்கள். ஐரோப்பாவின் ஷெங்கன் எல்லைச் சட்டம் கடலோடிகளுக்கு ஒரு சலுகை தருகிறது. கப்பலின் பணியாளர் பட்டியலில் பெயரும் முறையான கடலோடி அடையாள ஆவணமும் இருந்தால், விசா இல்லாமலே கரை இறங்க நாடுகள் அனுமதிக்கலாம். ஆனால் எல்லை உண்டு: துறைமுகம் இருக்கும் பகுதி, அதை ஒட்டிய நகராட்சிகள், அவ்வளவுதான்.

வரைபடத்தை வைத்துப் பார்த்தால் இதன் பொருள் புரியும். ‘ரோம்’ என்று அட்டவணையில் போட்டிருக்கும் துறைமுகம் உண்மையில் சிவிட்டாவெக்கியா. ரோம் அங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர்; ஒட்டிய நகராட்சி அல்ல. ‘ஃப்ளோரன்ஸ்’ என்று போட்டிருந்தால் நிற்பது லிவோர்னோவில். அங்கிருந்து ஃப்ளோரன்ஸ் வெகுதூரம். ஆனால் சாய்ந்த கோபுரம் இருக்கும் பீசா, லிவோர்னோவின் எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஊர், ரயிலில் இருபது நிமிடத்துக்குள். நேப்பிள்ஸில் இறங்கிப் பாம்பெய் போகலாமா? அது ஒட்டிய நகராட்சி அல்ல.

“என்னிடம் ஷெங்கன் விசா இருக்கிறதே” என்பீர்கள். ஐரோப்பியத் துறைமுகத்தில் சைன் ஆன் செய்து பணியில் சேரப் போகிறவருக்கு விசா எடுத்திருப்பார்கள்தான். ஆனால் அது ஒற்றை நுழைவு விசாவாக இருந்து, கப்பல் ஏறும்போது வெளியேறியதாகப் பதிவும் ஆகிவிட்டால், அதன் கதை முடிந்தது. விசா ஸ்டிக்கரில் எத்தனை நுழைவு, எத்தனை நாள், எந்தத் தேதிவரை என்பதை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே படித்து வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் க்ரூ ஆபீஸைக் கேளுங்கள்; மெஸ்ஸில் பக்கத்து நாற்காலிக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம். கிரீஸின் பிரேயஸில் இறங்கி ஏதென்ஸ் போகலாமா என்பதும் அப்படிக் கேட்டுவிட்டுப் போக வேண்டிய கேள்வியே. துருக்கியின் குஷாதாசி, மாண்டிநீக்ரோவின் கோட்டோர் எல்லாம் ஷெங்கனுக்கு வெளியே. அங்கே விதி வேறு.

அடையாள ஆவணத்தைப் பொறுத்தவரை நமக்கு ஒரு வசதி உண்டு. முக அடையாளம் பதிந்த பயோமெட்ரிக் கடலோடி அடையாள அட்டையை உலகில் முதலில் வழங்கத் தொடங்கிய நாடு இந்தியா, 2019-இல். சென்னையிலும் கொச்சியிலும் மையங்கள் இருக்கின்றன. சிடிசி என்னும் கடலோடிப் பணிப் பதிவேட்டை எடுத்த கையோடு இதையும் எடுத்துவிடுவது நல்லது.

தூக்கத்திலிருந்துதான் கரை கழிகிறது

கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006-ஐ இந்தியா 2015-இல் ஏற்றது. அதன்படி 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம், 7 நாளில் 77 மணி நேரம் ஓய்வு தர வேண்டும். அந்த 10 மணி நேரத்தை இரண்டு துண்டுக்கு மேல் உடைக்கக் கூடாது. ஒரு துண்டாவது 6 மணி நேரம் இருக்க வேண்டும். (வேலை நேரத்தை வைத்து விதியைக் கணக்கிடும் நாட்டின் கொடியைக் கப்பல் ஏந்தியிருந்தால் வரம்பு நாளுக்கு 14 மணி நேரம்.) கரை இறங்கும் அனுமதியும் அதில் உரிமையாகவே எழுதப்பட்டிருக்கிறது, கப்பல் வேலைக்கு இடைஞ்சல் இல்லாதவரை என்ற நிபந்தனையோடு.

நடைமுறையில் காலை டிபன் ஷிஃப்ட், மதியம் கொஞ்ச நேரம், மறுபடி இரவுச் சாப்பாடு. அந்த மதிய இடைவெளிதான் உங்கள் பலெர்மோ. ஆறு ஊரில் ஆறிலும் இறங்க ஆசைப்பட்டால் இரண்டாம் மாதமே உடம்பு படுத்துவிடும். வாரத்துக்கு இரண்டு ஊர் இறங்குங்கள், மிச்ச நாள் படுத்துத் தூங்குங்கள். மாதக் கடைசியில் கையெழுத்துக் கேட்டு நீட்டும் ஓய்வு நேரப் பதிவேட்டையும் பார்த்துவிட்டுப் போடுங்கள். அதில் எழுதியிருப்பதுதான் பின்னால் செல்லும்.

எந்த வாரம் இறங்க முடியாது என்பதும் முன்பே தெரியும். ஐபிஎம் என்றொரு முறைப் பட்டியல் ஒட்டுவார்கள். கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது தீ, விபத்து என்றால் சமாளிக்க இத்தனை பேர் உள்ளேயே இருக்க வேண்டும். உங்கள் பெயர் அதில் இருந்தால் நண்பரோடு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் எழுத்தில், மேலதிகாரி ஒப்புதலோடு. ட்ரில் நாள், பயணிகள் மாறும் நாள் இரண்டையும் மறந்துவிடுங்கள். சான்டோரினி மாதிரி கப்பல் கரையை ஒட்டாமல் கடலிலேயே நின்று டெண்டர் படகில் கரைக்குப் போகும் இடங்களில் பயணிகளுக்கே முதல் உரிமை. படகு கிடைத்து இறங்கினாலும் மேலே ஊருக்குப் போக 588 படி, இல்லையென்றால் ரோப் கார் வரிசை. இரண்டு மணி நேரக்காரருக்கு அது சரிப்படாது.

ஊர் ஊராக

ஜெனோவா எளிது. கப்பல் நிலையத்திலிருந்து நடந்தே பிரின்சிபே ரயில் நிலையம். அதையொட்டிய வியா ப்ரே சந்தில் வெளிநாட்டார் நடத்தும் மளிகைக் கடை, சாப்பாட்டுக் கடை, போன் கடை எல்லாம் உண்டு. பகலில் போங்கள்.

நேப்பிள்ஸில் கப்பல் நிற்பதே ஊரின் வாசலில். பாம்பெய் போக முடியவில்லையே என்று வருந்த வேண்டாம்: கி.பி. 79-இல் வெசுவியஸ் மூடிய அந்த ஊரில் தோண்டி எடுத்த பல சுவரோவியங்களும் சிலைகளும் நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன. செவ்வாய் விடுமுறை, உங்கள் கப்பல் செவ்வாயன்று நிற்பதாக இருந்தால் பழைய ஊர்ச் சந்துகளில் நடந்து ஒரு பீட்சா சாப்பிட்டுத் திரும்புங்கள். இத்தாலியில் காபியை நின்றபடி குடித்தால் ஒரு விலை, மேஜையில் உட்கார்ந்தால் வேறு விலை. கூட்டத்தோடு நின்று குடிப்பதே அந்த ஊர் வழக்கமும்கூட.

பலெர்மோவுக்கு ஒரு முழு மதியம் ஒதுக்குங்கள். சிசிலித் தீவின் இந்தத் தலைநகரில் இலங்கைத் தமிழர்கள் பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறார்கள். துறைமுகத்திலிருந்து நடந்தால் கொஞ்ச நேரத்தில் பொலித்தேயாமா அரங்கம். இன்னும் உள்ளே போனால் பல்லாரோ சந்தை. மீன், ஆலிவ், பொரித்த தின்பண்டம் என்று கூவி விற்கும் அந்தச் சந்தைப் பக்கத்தில் தமிழ்க் குரல் காதில் விழுந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அந்த ஊரின் காவல் தெய்வம் புனித ரொசாலியா. 1624-இல் பரவிய கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்தவர் என்பது நம்பிக்கை. ஊருக்கு மேலே மாண்டே பெல்லெக்ரீனோ மலையில் அவருடைய குகைக் கோயில் இருக்கிறது. அங்கே கத்தோலிக்கத் தமிழர்கள் மட்டுமல்ல, இந்துத் தமிழர்களும் நேர்த்திக்கடனோடு மலையேறிப் போகிறார்கள். திருமலைக்கோவில் படியேறிப் பழகிய பண்பொழிக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நகரப் பேருந்திலேயே மேலே போகலாம். போக, வர நேரம் கணக்குப் பார்த்து, ஷிஃப்ட் தாமதமாகத் தொடங்கும் நாளில் மட்டும் போங்கள்.

மால்டாவின் வல்லெட்டாவைச் சொந்த வேலைகளை முடிக்கும் ஊராக வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலம் அங்கே ஆட்சிமொழி. மருந்துக்கடையில் வயிற்றுவலியைச் சொல்ல, போன் கடையில் பேரம் பேசச் சைகை தேவையில்லை. கரையிலிருந்து அப்பர் பராக்கா தோட்டத்துக்கு லிஃப்ட் இருக்கிறது. ஏறினால் ஊர் நடுவே நிற்பீர்கள்.

பார்சிலோனாவில் கப்பல் நிலையத்திலிருந்து கொலம்பஸ் சிலைவரை பேருந்து. அங்கே தொடங்கும் ராம்ப்ளா சாலை ஜேப்படிக்குப் பேர்போனது. அதற்குப் பக்கத்திலேயே ரவால். தெற்காசியர் கடைகள், ஹலால் சாப்பாடு, பருப்பு, மசாலா கிடைக்கும். மார்செய்யில் ஹலாலுக்கு நோவாய்ச் சந்தைப் பகுதி. ஆனால் அங்கே கப்பல் நிற்குமிடம் ஊருக்கு வடக்கே தள்ளி. போக வரவே நேரம் போய்விடும். இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் மார்செய்யைத் தூக்க நாளாக்குங்கள்.

போனும் கடிகாரமும்

ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றில் வாங்கிய சிம், ஒன்றியத்தின் மற்ற நாடுகளிலும் கூடுதல் ரோமிங் கட்டணம் இல்லாமல் வேலை செய்யும். 2017 ஜூன் முதல் இந்த விதி. இத்தாலியில் வாங்கியதை ஸ்பெயின், பிரான்ஸ், கிரீஸ், மால்டாவில் பயன்படுத்தலாம். துருக்கி இதில் சேராது. கடலில் போன் தானாகப் பிடிக்கும் கப்பல் நெட்வொர்க்கும் சேராது. அதன் கட்டணம் பயங்கரம். கரையை விட்டுக் கிளம்பும் முன் ஏரோபிளேன் மோடு போட்டுவிடுங்கள். சிம் வாங்கப் பாஸ்போர்ட் கேட்பார்கள். அது கப்பலின் பொறுப்பில் இருக்கும். நகல் வேண்டுமென்று க்ரூ ஆபீஸில் முதல் நாளே சொல்லி வையுங்கள். ஸ்டெல்லா மாரிஸ் போன்ற கடலோடிகள் நல மையங்கள் பல துறைமுகங்களில் இருக்கின்றன. வைஃபை, உட்கார இடம், கேட்டால் உதவி. மதம் பார்க்க மாட்டார்கள்.

வீட்டுக்குப் பேச: கோடையில் இத்தாலி நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை. நேப்பிள்ஸில் மதியம் இரண்டு என்றால் கோடையில் ஊரில் மாலை ஐந்தரை; அம்மா விழித்திருக்கும் நேரம்தான்.

கடிகார விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கிரீஸும் துருக்கியும் இத்தாலியைவிட முன்னால் ஓடும். போன் தானாக மாறிக்கொள்ளும், கப்பல் நேரம் மாறியிருக்காமலும் போகலாம். கையில் ஒரு சாதா வாட்ச் கட்டி அதைக் கப்பல் நேரத்திலேயே வையுங்கள். கப்பலுக்குத் திரும்பியாக வேண்டிய கடைசி நேரமான ஆல் அபோர்ட், பணியாளருக்குப் பயணிகளுக்கு முன்பாகவே இருக்கும். ஏறி இறங்கும் வழியான கேங்வேயில் எழுதியிருப்பதை இறங்கும்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள். துறைமுக ஏஜென்ட் எண்ணை ஒரு காகிதத்தில் எழுதிப் பையில் வையுங்கள், போன் தொலைந்தால் உதவும். பயணி கப்பலை விட்டால் அடுத்த ஊருக்கு டிக்கெட் எடுத்துப் போய்ச் சேர்வார். விசா இல்லாத பணியாளர் விட்டால் அது குடியேற்றத் துறை விவகாரம். அடுத்த ஒப்பந்தம் கிடைப்பதும் சந்தேகம்.

திரும்பும்போது குடித்துவிட்டு வராதீர்கள்; கேங்வேயிலேயே சோதிக்கலாம், வேலை போகும். இறைச்சி, பழம், இஸ்திரிப்பெட்டி, கெட்டில், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதுவும் உள்ளே விட மாட்டார்கள். வாங்கி ஏமாறாதீர்கள்.

கரை தரும் சம்பளம்

டைனிங் ஹாலில் பயணி முதலில் கேட்பது நாளைக்கு நிற்கும் ஊரைப் பற்றித்தான். “பஸ் எங்கே நிற்கும், நடந்து போகலாமா?” நீங்கள் நடந்து பார்த்துச் சொன்னால் முகத்தில் தெரியும், டிப்ஸிலும் கருத்துப் படிவத்திலும் தெரியும். சந்தைக்குப் போகும்போது நாலு இத்தாலியச் சொல், நாலு ஸ்பானிஷ் சொல் பேசிப் பழகுங்கள். சுற்றுலாப் பிரிவான ஷோரெக்ஸுக்கு மாற நினைக்கிறவருக்கு மொழிதான் கதவு. சில கம்பெனிகளில் பயணிகள் குழுவோடு துணைக்குப் போகப் பணியாளர்களை அனுப்புவார்கள்: வரிசையின் கடைசியில் நடந்து, யாரும் விடுபடாமல் பார்த்து, திரும்பி வந்து அறிக்கை எழுத வேண்டும். இலவசமாக ஊர் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. பெயர் கொடுக்கும்போதே விசா எல்லையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னும் ஏறாதவர்களுக்கு ஒன்று. அதே 2006 உடன்படிக்கைப்படி, வேலை வாங்கித் தர ஏஜென்ட் உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது; மருத்துவச் சான்று, சிடிசி, பாஸ்போர்ட் போன்ற செலவுகளே உங்களுடையவை. கப்பல் துறைத் தலைமை இயக்குநரகத்தின் ஆர்பிஎஸ்எல் உரிமம் இருக்கிறதா என்று அவர்கள் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் பேசுங்கள். லட்சக்கணக்கில் முன்பணம் கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

ஒப்பந்தம் முடியும் நாளில் கரை கிடையாது. பெரும்பாலும் கப்பலிலிருந்து வண்டி நேரே விமான நிலையத்துக்குத்தான். வீட்டுக்கு வாங்க வேண்டியதை அதற்கு முந்தைய வாரமே வாங்கி, பெட்டியைத் தூக்கி எடை பாருங்கள். சிடிசியைத் திருப்பித் தரும்போது சைன் ஆஃப் தேதியும் முத்திரையும் சரியாக விழுந்திருக்கிறதா என்று அந்தக் கவுன்டரிலேயே நின்று பார்த்துவிடுங்கள். ஊருக்கு வந்து அதைத் திருத்துவது பெரும்பாடு.