மாற்று விமான நிலையத்தைத் திட்டமிடும் முறை

கருவிகளின் துணையோடு மேகத்துக்குள் பறக்கும் விமானம், சேருமிடத்தில் இறங்க முடியாவிட்டால் எங்கே போகும் என்பது புறப்படும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். இதற்கான விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். இங்கே தரப்படுபவை அமெரிக்காவில் தனியார் விமானங்களுக்கு உரியவை.

முதலில், மாற்று நிலையம் தேவையா என்று பார்க்க வேண்டும். சேருமிடத்தில் கருவிவழி இறங்குமுறை இருந்து, சேரும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் மேக அடிமட்டம் குறைந்தது 2,000 அடி, பார்வைத் தொலைவு குறைந்தது 3 மைல் என்று முன்னறிவிப்பு சொன்னால் தேவையில்லை. மூன்றில் ஒன்று குறைந்தாலும் தேவை. முன்னறிவிப்பில் ‘தற்காலிகமாக’ என்று வரும் மோசமான வரியையும் கணக்கில் எடுப்பதே நல்லது. விமானம் போய்ச் சேரும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் அது பலிக்கக்கூடும்.

அடுத்தது இடத்தேர்வு. பலரும் சறுக்குவது இங்கேதான். வரைபடத்தில் மிக அருகில் உள்ள நிலையத்தைக் குறித்துவிடுவது எளிது. ஆனால் சேருமிடத்தை மூடிய அதே பனிமூட்டம் அதையும் மூடியிருக்கலாம். கலிஃபோர்னியாவின் மான்ட்ரே நகரில் கோடைக் காலைகளில் கடலிலிருந்து தாழ்ந்த மேகம் ஏறி வரும். 12 கடல்மைல் தொலைவிலுள்ள சாலினாஸும் அதே மேகத்தின் பாதையில் இருக்கிறது. மலைத்தொடருக்கு அப்பால், ஏறத்தாழ 100 கடல்மைல் கிழக்கேயுள்ள ஃப்ரெஸ்னோவில் அப்போது வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். குளிர்காலத்தில் நிலைமை தலைகீழ்: ஃப்ரெஸ்னோ இருக்கும் மத்தியப் பள்ளத்தாக்கில் ‘டூலி’ மூடுபனி நாட்கணக்கில் படிந்துகிடக்கும். எனவே தூரத்தைவிட, மோசமான வானிலைக்குக் காரணம் என்ன, அது எதுவரை பரவும் என்பதே முதல் கேள்வி.

தேர்ந்தெடுத்த நிலையம் விதிக்குப் பொருந்துகிறதா என்பது மூன்றாவது படி. அங்கே போய்ச் சேரும் நேரத்துக்கான முன்னறிவிப்பு, ஐ.எல்.எஸ். போன்ற துல்லிய இறங்குமுறை இருந்தால் 600 அடியும் 2 மைலும், மற்ற இறங்குமுறைகளுக்கு 800 அடியும் 2 மைலும் காட்ட வேண்டும். சில நிலையங்களுக்குத் தனி அளவு உண்டு. வேறு சிலவற்றை மாற்றாகக் குறிக்கவே அனுமதியில்லை. இறங்குமுறைத் தாளில் கறுப்பு முக்கோணத்துக்குள் ‘ஏ’ என்ற எழுத்து இருந்தால் அந்த விவரத்தைத் தேடிப் படிக்க வேண்டும். இந்த அளவுகள் திட்டமிடுவதற்கு மட்டுமே. அங்கே உண்மையில் இறங்கும்போது தாளில் உள்ள வழக்கமான அளவுகளே பொருந்தும்.

விமானிகளுக்கான ‘நோட்டாம்’ அறிவிப்புகளில் ஓடுபாதை மூடல், பழுதான விளக்குகள், இயங்காத ஐ.எல்.எஸ். ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். விமானத்தின் ஜி.பி.எஸ். கருவி ‘வாஸ்’ திருத்தம் இல்லாத பழையது என்றால், சேருமிடம், மாற்றிடம் இரண்டுக்கும் ஜி.பி.எஸ். இறங்குமுறையையே நம்பித் திட்டமிடக் கூடாது.

பிறகு எரிபொருள். சேருமிடம் வரை, அங்கிருந்து மாற்றிடம் வரை, அதற்கு மேல் வழக்கமான வேகத்தில் 45 நிமிடங்கள் பறக்கப் போதுமானது இருக்க வேண்டும். 120 நாட் வேகத்தில் மணிக்கு 10 காலன் செலவழிக்கும் விமானம் இரண்டு மணி நேரம் பறந்து மான்ட்ரே வந்தால் அதற்கு 20 காலன், ஃப்ரெஸ்னோவுக்கு 50 நிமிடங்களுக்கு எட்டரைக்குக் கொஞ்சம் குறைவு, இருப்புக்கு ஏழரை: ஆக 36. எதிர்க்காற்று, தரையில் ஓடுதல், வானில் காத்திருத்தல் எல்லாம் இதற்கு மேல்.

கடைசிப் படி, திரும்பும் அளவைத் தாளில் எழுதிவைப்பது. 1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த அவியான்கா 52 விமானத்துக்கு பாஸ்டன் மாற்று நிலையமாக இருந்தது. வானில் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்ததில், பாஸ்டன் போகும் எரிபொருள் தீர்ந்துவிட்டது. முதல் இறங்கும் முயற்சி தோற்றபின் லாங் ஐலண்டில் விழுந்து 73 பேர் இறந்தனர். மேலே உள்ள கணக்கில் ஃப்ரெஸ்னோவுக்கும் இருப்புக்கும் சேர்ந்து 16 காலன்; அளவுமானி அதைத் தொடும்போது இறங்குவது உறுதியாகவில்லை என்றால் உடனே கிழக்கே திரும்ப வேண்டும். இனித் தாமதம் தாங்காது என்றால் ‘மினிமம் ஃப்யூவல்’ என்றும், ஆபத்து என்றால் ‘மேடே’ என்றும் கட்டுப்பாட்டு நிலையத்திடம் அந்தச் சொற்களாலேயே சொல்ல வேண்டும்.