உங்கள் பராமரிப்பில் வளரும் பிள்ளையும் பாடசாலையும்

ஊர் திரும்பிய பல வீடுகளில் அம்மம்மா, சித்தி, மாமா என்று உறவினரோடு வளரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சிலர் பெற்றோரை இழந்தவர்கள். சிலரின் பெற்றோர் காணாமற்போனவர்கள். சிலரின் தாய் வெளிநாட்டு வேலைக்குப் போயிருக்கிறார். நிலைமை வேறானாலும் கல்வி உரிமை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றே.

உரிமை என்ன?

இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயமானது. பெற்றோர் இல்லாதவிடத்து, பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பும் பொறுப்பு பராமரிப்பவரான உங்களுடையது. அரச பாடசாலையில் கல்வி இலவசம். பாடநூல்களும் இலவசமாகக் கிடைக்கும்.

பத்திரங்கள் இல்லையா?

"எல்லாம் இடப்பெயர்வில் போய்விட்டது, பத்திரம் எடுத்தபிறகு சேர்ப்போம்" என்று காத்திருக்க வேண்டாம். முதலில் அதிபரைச் சந்தியுங்கள். பத்திர வேலைகளைக் கூடவே செய்யலாம்.

1. பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். பிறப்பு பதியப்படவே இல்லையென்றால் காலங்கடந்த பதிவு பற்றி அங்கேயே கேளுங்கள்.

2. விடுகைப் பத்திரம் இல்லையென்றால் கடைசியாகப் படித்த பாடசாலையையும் வகுப்பையும் எழுதிக் கொடுங்கள். முகாமில் படித்த காலத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

3. காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க உங்கள் மனம் ஒப்பாதிருக்கலாம். அதற்காகப் பிள்ளையின் படிப்பு நிற்கக்கூடாது. பிள்ளை உங்களோடு வசிப்பதை உறுதிப்படுத்தும் கடிதத்தைக் கிராம அலுவலரிடம் கேளுங்கள்.

பாடசாலையில் சேர்க்க மறுத்தால், வலயக் கல்வி அலுவலகத்தில் எழுத்தில் முறையிட்டு, ஒரு பிரதியை வைத்திருங்கள்.

படிப்பு விடுபட்டிருந்தால்?

14 வயதுப் பிள்ளை சிறுவர்களோடு இருக்க வெட்கப்பட்டுப் பாடசாலையை விட்டுவிடக்கூடும். பரிகாரக் கற்பித்தல் பற்றி வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். நீண்டகாலம் படிக்காத பிள்ளைக்கு வலய அலுவலகத்தின் முறைசாராக் கல்விப் பிரிவில் வழி கேளுங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

தம்பி, தங்கையைப் பார்ப்பதற்காக மூத்த பெண்பிள்ளையை மறிக்க வேண்டாம். கஷ்டம் காரணமாகப் பிள்ளையைச் சிறுவர் இல்லத்தில் விட நினைத்தால், முடிவெடுக்க முன் பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருடனோ நன்னடத்தை உத்தியோகத்தருடனோ கதையுங்கள். உறவோடு இருந்தபடியே படிக்க உதவி உண்டா என்று முதலில் கேளுங்கள்.

பிள்ளை துன்புறுத்தப்பட்டாலோ வேலைக்கு அனுப்பப்பட்டாலோ தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு 1929 என்ற இலக்கத்தில் எந்நேரமும் அறிவிக்கலாம்.

இந்த வாரம் அதிபரிடம் போகும்போது பிள்ளையையும் கூட்டிச் செல்லுங்கள். எந்த வகுப்பில் சேர விருப்பம், எதற்குப் பயம் என்பதைப் பிள்ளையே சொல்லட்டும்.