பாவித்த கணனிக்கு மறுபடியும் விண்டோஸ் போட்டால் அனுமதி எங்கே போகிறது?

பாசிக்குடாக் கடற்கரையில் 2011ஆம் ஆண்டு தொடக்கம் புதிய ஹோட்டல்கள் ஒவ்வொன்றாக எழும்பின. யுத்தமும் 2004 சுனாமியும் பாழாக்கிப் போட்ட இடம் அது. இன்று அறை துப்புரவு, சமையல்கட்டு, பூந்தோட்டம் என்று எங்கள் மலையகப் பிள்ளைகளும் அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறார்கள். லீவுக்கு வரும்போது சிலர் பாவித்த கணனி ஒன்றை வாங்கி, செங்கலடி - பதுளை வீதியில் பஸ்ஸிலே மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்க்கிறார்கள். தங்கச்சி ஓ.எல். படிக்கிறாள், அவளுக்கு உதவட்டும் என்கிற நல்ல மனசுதான்.

வந்த கணனி சில மாதத்தில் மெதுவாகிவிடும். டவுன் கடையில் கொடுத்தால் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக விண்டோஸ் போட்டுத் தருவார்கள். அதற்குப் பிறகுதான் திரையின் வலது பக்க மூலையில் மங்கலாக ஓர் ஆங்கில வாசகம் தோன்றும்: 'அக்டிவேட் விண்டோஸ்'. "கம்ப்யூட்டரைக் கம்பனிக்காரன் பூட்டிட்டானாம், மறுபடி காசு கட்டணுமாம்" என்று வீட்டில் ஒரே கவலை. ஒரு கிழமைக் கொழுந்துச் சம்பளத்தைத் தூக்கிக் கொடுப்பதற்கு முன்னால் இந்த விடயத்தைக் கொஞ்சம் விளங்கிக்கொள்வோம். ஏனெனில் பெரும்பாலான கணனிகளுக்கு அந்தக் காசு ஏற்கனவே கட்டியாகிவிட்டது.

முதலில் பயத்தை விடுங்கள். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் அந்த வாசகம் தெரிவதால் கணனி நின்றுவிடாது. பாடம் எழுதலாம், இன்டர்நெட் பார்க்கலாம். பின்னணிப் படம், நிறம் போன்றவற்றை மாற்ற விடாது, அவ்வளவுதான். ஆகவே நாளைக்கே ஓடித் திரிய வேண்டிய காரியம் இல்லை.

சரி, அக்டிவேஷன் என்றால் என்ன? காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கொடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆள் வந்து நின்றால் போதாது, செக்ரோலில் பேர் விழவேண்டும். விண்டோஸும் அப்படித்தான். கணனியின் பாகங்களிலிருந்து ஓர் அடையாளத்தை உருவாக்கி, இன்டர்நெட் வழியாக மைக்ரோசொப்ட் கம்பனிக்கு அனுப்புகிறது. அங்கே பதிவு இருந்தால் 'சரி' என்று பதில் வரும். 2001இல் விண்டோஸ் எக்ஸ்.பி. வந்தபோதுதான் வீட்டுக் கணனிகளுக்கு இந்த நடைமுறை வந்தது. அதற்கு முன்னர் இலக்கத்தை அடித்தால் போதும், யாரும் கேட்கமாட்டார்கள். ஒரே இலக்கத்தில் ஊர் முழுக்கப் போட்ட காலம் அது!

அனுமதி எங்கே இருக்கிறது என்பது கணனியின் வயதைப் பொறுத்தது. விண்டோஸ் 7 காலத்துக் கணனி என்றால் அடிப்பக்கத்திலோ பெட்டியின் ஓரத்திலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஐந்து ஐந்தாக 25 எழுத்தும் இலக்கமும் அதில் அச்சாகியிருக்கும். கை பட்டுத் தேய்ந்துபோவதற்கு முன்னர் ஒரு கொப்பியில் எழுதி வைக்கவும். 2012இல் விண்டோஸ் 8 வந்த பின்னர் பெரிய கம்பனிகள் அந்த இலக்கத்தைத் தாய்ப்பலகை, அதாவது மதர்போர்டில் உள்ள சிறிய சிப் ஒன்றுக்குள்ளேயே பதித்துவிட்டன. கண்ணுக்குத் தெரியாது, ஹார்ட் டிஸ்க்கை அழித்தாலும் அழியாது. 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வந்தபோது இன்னொரு வழியும் சேர்ந்தது. ஒருமுறை முறையாகப் பதிவான கணனியின் அடையாளத்தைக் கம்பனியே தன் பதிவேட்டில் வைத்துக்கொள்கிறது. இதற்கு 'டிஜிட்டல் லைசன்ஸ்' என்று பெயர்.

கணனியோடு சேர்ந்து வந்த இப்படிப்பட்ட அனுமதி அந்த மெஷினுக்கு உரியது. விற்றால் அதோடு கூடவே போகும். முதல் ஆள் கட்டிய காசு இரண்டாவது ஆளுக்கும் செல்லும். ஆகவே புதிதாக விண்டோஸ் போடும்போது இலக்கம் கேட்டால், 'ஐ டோன்ட் ஹேவ் எ புரடக்ட் கீ', அதாவது என்னிடம் இலக்கம் இல்லை என்பதை அழுத்திவிட்டு மேலே போகலாம். வேலை முடிந்ததும் போனிலிருந்து இன்டர்நெட் கொடுத்தால் தானாகவே பதிவாகிவிடும். எதையும் வாங்கத் தேவையில்லை.

அப்படியானால் கடையில் போட்டுத் தந்த கணனி ஏன் பதிவாகவில்லை? அதிகமாக நடக்கிற காரணம் இதுதான். விண்டோஸில் 'ஹோம்', 'ஹோம் சிங்கிள் லேங்குவேஜ்', 'புரோ' என்று பல வகை உண்டு. மலிவு லெப்டொப்புகள் பலவற்றில் வருவது ஹோம் சிங்கிள் லேங்குவேஜ். சில கடைகளில் வருகிற எல்லா மெஷினுக்கும் ஒரே பென் டிரைவிலிருந்து 'புரோ'வைப் போட்டுவிடுகிறார்கள். ஹோமுக்குக் கொடுத்த அனுமதி புரோவைத் திறக்காது. இவரது பேர் வேறு டிவிஷன் செக்ரோலில் இருக்கிறது, இங்கே வந்து கூப்பிட்டால் எப்படி விழும்? எனவே போமட் பண்ணக் கொடுக்கும் முன்னர் 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'அக்டிவேஷன்' என்று போய், என்ன வகை என்பதைக் குறித்துக்கொண்டு, "அண்ணே, இருந்த வகையையே போட்டுத் தாங்க" என்று கேளுங்கள். விண்டோஸ் 10 என்றால் 'அப்டேட் அண்ட் செக்கியூரிட்டி' என்பதற்குள் அது இருக்கும். இன்னும் சுலபமான வழியும் உண்டு. விண்டோஸிலேயே 'ரீசெட் திஸ் பீசி' என்று இருக்கிறது. பிள்ளையின் பாடங்களையும் படங்களையும் பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டு அதைச் செய்தால், வகை மாறாது. கடைக்குச் சுமக்கவும் வேண்டாம்.

இரண்டாவது காரணம் கடற்கரையோடு சம்பந்தப்பட்டது. பாசிக்குடா, கல்குடாப் பக்கத்து உப்புக் காற்று இரும்பை மட்டுமா அரிக்கிறது? கணனிக்குள்ளும் போய்ச் செப்புப் பாதைகளை அரிக்கிறது. பலகை பழுதாகி வேறு பலகை மாற்றிய கணனி என்றால், பழைய பலகையோடு இலக்கமும் போய்விட்டது. கம்பனியின் கணக்கில் அது புதிய கணனி. ஹார்ட் டிஸ்க்கையோ ரேமையோ மாற்றினால் சாதாரணமாக இந்தப் பிரச்சினை வராது, பலகைதான் முக்கியம். பழைய சொந்தக்காரர் டிஜிட்டல் லைசன்ஸைத் தன் மைக்ரோசொப்ட் கணக்கோடு முன்பே இணைத்திருந்தால், அக்டிவேஷன் பக்கத்தில் 'ட்ரபிள்ஷூட்' என்பதை அழுத்தி, அண்மையில் பாகம் மாற்றினேன் என்று சொல்லி மீட்டெடுக்க ஒரு வழி இருக்கிறது. அதற்கு அவருடைய கடவுச்சொல் வேண்டும். அதோடு, கணனியோடு கூட வந்த அனுமதி புதுப் பலகைக்குப் பொதுவாக மாறாது. கடையில் தனியாகப் பெட்டியில் வாங்கிய அனுமதிதான் மாறும். இவ்வளவு தூரம் நல்லபடியாக ஒத்துவருவது அபூர்வம்.

மூன்றாவது, ஹோட்டலிலோ அலுவலகத்திலோ பாவித்துக் கழித்த கணனி. பெரிய நிறுவனங்கள் மொத்தமாக அனுமதி வாங்குவதுண்டு. அவர்களுடைய கணனிகள் மைக்ரோசொப்டிடம் நேரே போகாமல், நிறுவனத்தின் சொந்த சேவரிலே பேர் கொடுக்கின்றன. அந்தப் பதிவு 180 நாளைக்குத்தான் செல்லும், அதற்குள் திரும்பவும் பேர் கொடுக்க வேண்டும். விற்று வெளியே வந்த பிறகு எங்கே கொடுப்பது? அதனால்தான் வாங்கும்போது ஒரு குறையும் தெரியாமல், ஆறு மாதம் போனதும் திடீரென்று வாசகம் தோன்றுகிறது. அதற்குள் விற்றவரின் போன் இலக்கமும் மாறியிருக்கும்! ஆனாலும் மனம் தளர வேண்டாம். அப்படிப்பட்ட கணனியின் பலகையிலும் தொழிற்சாலையில் பதித்த இலக்கம் இருக்கக்கூடும். அதற்குப் பொருத்தமான வகையைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதையெல்லாம் வாங்கும் முன்னரே பார்க்கலாம். கிழக்கிலோ கொழும்பிலோ இருக்கிற பிள்ளை கணனி பார்த்திருக்கிறேன் என்று சொன்னால், காசு கொடுக்க முன்னர் அக்டிவேஷன் பக்கத்தைப் போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். 'டிஜிட்டல் லைசன்ஸ்' என்று இருந்தால் நல்லது. 'ஓர்கனைசேஷன்' என்ற சொல் இருந்தால் அது நிறுவனத்துப் பதிவு. அந்தக் கணனிக்கு விலையைக் குறைத்துக் கேட்கவேண்டும். பலகை மாற்றியதா என்றும் கேட்கவும். பற்றுச்சீட்டு வாங்காமல் வரவேண்டாம்.

"நாங்க கிரெக் போட்டு சரி பண்ணித் தர்றோம்" என்று சொல்கிறவர்களிடம் கவனம். பதிவை ஏமாற்றும் அந்தச் சிறு மென்பொருளைப் போடுவதற்காக வைரஸ் காவலை நிறுத்துவார்கள். காவல்காரனை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைக்கிற வேலை. அதே கணனியில்தான் பிள்ளை மின்னஞ்சல் கடவுச்சொல்லை அடிக்கிறது, அதே கணனியில்தான் வங்கிக் கணக்கைப் பார்க்கிறோம். சட்டத்துக்கும் அது பிழை. சில நூறு ரூபாவுக்கு விற்கிற இலக்கங்களும் பல வேளை ஏதோ நிறுவனத்துக்குக் கொடுத்தவை. இன்றைக்கு வேலை செய்யும், என்றைக்கு இரத்தாகும் என்று சொல்ல ஆளில்லை.

பழைய கணனிக்காரர் இன்னும் இரண்டைத் தெரிந்திருக்க வேண்டும். விண்டோஸ் 7, 8 இலக்கங்களைக் கொண்டு 10 அல்லது 11ஐப் புதிதாகப் பதியும் வழியை மைக்ரோசொப்ட் 2023 செப்டெம்பரில் மூடிவிட்டது. அதற்கு முன்னரே 10க்கு மாறிப் பதிவான கணனிக்கு இதனால் பாதிப்பில்லை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. இப்போதும் அதைப் போடலாம், பதியலாம். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் முன்போல வராது. விண்டோஸ் 11க்கோ டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், பத்து வருடத்துக்கு முந்திய கணனிகள் பெரும்பாலும் அதற்குத் தகுதி பெறா.

அனுமதியே இல்லாமல் போன கணனியையும் குப்பையில் போட வேண்டாம். லினக்ஸ் என்று இலவசமான ஒன்று இருக்கிறது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் தொடங்கியது, இன்று உலகமெங்கும் பேர் சேர்ந்து வளர்க்கிறார்கள். உபுண்டு, மின்ட் என்ற பெயர்களில் கிடைக்கும். பெரட்டும் இல்லை, செக்ரோலும் இல்லை, எத்தனை கணனிக்கும் போடலாம். லிப்ரே ஒபிஸ் என்ற எழுதுகிற மென்பொருளும் அதோடு வரும், வேர்ட் கோப்புகளை அது திறக்கும், தமிழிலும் அடிக்கலாம். பழகுவதற்குச் சில நாள் எடுக்கும் என்பது உண்மைதான். பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் அணைத்துவிட்டு பென் டிரைவைக் கழற்றினால், இருந்த விண்டோஸ் இருந்தபடியே இருக்கும்.