வேரின் நீளமும் நீரின் கணக்கும்

அன்புள்ள மலர்விழிக்கு,

கொண்டைக்கடலையைப் பெரும்பாலும் மழை ஓய்ந்த பிறகே விதைக்கிறார்கள். கரிசல் மண் பிடித்து வைத்திருக்கும் ஈரம்தான் அதற்கு முதலும் கடைசியுமான தண்ணீர். மேல்மண் முதலில் காயும். நாள் ஆக ஆக அந்தக் காய்ச்சல் கீழே இறங்கும். காய் பிடித்து மணி முற்ற வேண்டிய நேரத்தில்தான் தட்டுப்பாடு உச்சத்துக்கு வரும். அடியில் ஈரம் இருக்கும்போது, ஆழமாக வேர்விடும் செடி பிழைத்துக்கொள்ளும் என்று நினைப்பது இயல்பு. பயிர்ப்பெருக்க ஆராய்ச்சியும் அப்படி நினைத்தே தொடங்கியது.

வேரை அளப்பது பெரும்பாடு. இலையையும் காயையும் நின்ற இடத்தில் எண்ணிவிடலாம். வேருக்கு மண்ணைத் தோண்ட வேண்டும். தோண்டினால் நுனிகள் அறுந்து மண்ணோடு போய்விடும். ஹைதராபாத்தை அடுத்த படான்செருவில் உள்ள இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையம் இதற்குப் பி.வி.சி. குழாய்களை நாடியது. 18 செ.மீ. விட்டமும் 120 செ.மீ. உயரமும் கொண்ட குழாய்களில் கரிசல் மண்ணையும் மணலையும் கலந்து நிரப்பி, குழிக்குள் வரிசையாக நிறுத்தி விதைத்தார்கள். 35-ஆம் நாள் குழாயை வெளியே எடுத்து, தண்ணீர் விட்டு மண்ணைக் கரைத்து, வேரைத் துண்டு துண்டாக வெட்டி நீளம் அளந்து, உலர்த்தி எடை போட்டார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட வகைகளுக்கு இதே பாடு.

அவற்றில் ஐ.சி.சி. 4958 என்ற வகை, இளம் பருவத்திலேயே ஆழமாகவும் அடர்த்தியாகவும் வேர்விடுவதால் பெயர் பெற்றது. அதை வேர் குறைந்த ஐ.சி.சி. 1882 உடன் கலந்து சந்ததிகளை ஆராய்ந்தபோது, மரபணுத் தொகுதியின் ஒரு சிறு பகுதியில் வறட்சி தொடர்பான பல பண்புகள் குவிந்திருப்பது தெரிந்தது. வேர் அடர்த்தியோடு விதை எடையும் அதே பகுதியில்தான் இருக்கிறது. இது பெரிய வசதி. இனி வேரைத் தோண்ட வேண்டாம். நாற்றின் இலைத்துண்டில் டி.என்.ஏ. அடையாளக்குறியைப் பார்த்தே செடியைத் தேர்ந்துவிடலாம். பூசா 372 என்ற ரகத்தோடு திரும்பத் திரும்பக் கலந்து, அதாவது பிற்கலப்பு செய்து, இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் அந்தப் பகுதியை அதற்குள் கொண்டுவந்தது. அப்படிப் பிறந்த பூசா 10216 ரகம் 2019-இல் வெளியானது. ஈரம் குறைந்த நிலையில் பூசா 372-ஐவிட ஏறத்தாழ 12 விழுக்காடு கூடுதலாக விளைந்தது.

இதை வைத்து, வேர் நீண்டால் வறட்சி தாங்கும் என்று சூத்திரம் போட்டுவிட முடியாது. இக்ரிசாட்டிலேயே, செடியோடு குழாயை அடிக்கடி எடை போட்டு, எந்த வாரத்தில் எவ்வளவு நீர் செலவானது என்று கணக்கிட்டார்கள். 2011-இல் வெளியான முடிவு பலரை யோசிக்க வைத்தது. வறட்சியிலும் நன்றாக விளைந்த வகைகளுக்கு, மற்றவற்றைவிட ஆழமான, அடர்ந்த வேர் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பூக்கும் முன் அவை சிக்கனமாக நீர் குடித்தன. மிச்சம் வைத்ததைக் காய் பிடிக்கும் பருவத்தில் எடுத்துக்கொண்டன. முதல் வாரத்திலேயே சம்பளத்தைத் தீர்த்துவிடும் குடும்பத்துக்கு மாதக் கடைசியில் வரும் நெருக்கடிதான், தொடக்கத்திலேயே வேரும் தழையுமாகச் செழித்து ஈரத்தை உறிஞ்சிவிடும் செடிக்கும் வருகிறது. அடியில் ஈரமே தங்காத, ஆழமில்லாத நிலத்தில் நீண்ட வேர் வெறும் வீண்செலவு. வேர் வளர்வதும் உயிரோடு இருப்பதும் இலை தயாரித்த சர்க்கரையைக் கொண்டுதான். அந்தச் சர்க்கரை மணிக்குப் போயிருக்க வேண்டியது.

ராஜ்மா என்று நம் கடைகளில் கிடைக்கும் பீன்ஸ் வகையில் இன்னொரு சிக்கல் உண்டு. லத்தீன் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் அது விளையும் நிலங்கள் பலவற்றில் பாஸ்பரஸ் குறைவு. இருக்கும் கொஞ்சமும் மேல்மண்ணில்தான் கிடக்கிறது, நீரோ அடியில். பக்கவாட்டில் படரும் வேர் பாஸ்பரஸைத் தேடித் தருகிறது, செங்குத்தாக இறங்கும் வேர் நீரைத் தருகிறது. ஒன்றுக்காகத் தேர்ந்தெடுத்தால் மற்றது கை நழுவும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜோனதன் லிஞ்ச் குழு இந்த இழுபறியைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறது. பீன்ஸ் செடியில், தண்டும் ஆணிவேரும் சேரும் இடத்திலிருந்து அடிவேர்கள் அடுக்கடுக்காகக் கிளம்புகின்றன. சில வகைகளில் ஓர் அடுக்கு, சிலவற்றில் நான்குவரை. மேலடுக்கு வேர்கள் படர்கின்றன, கீழடுக்கு வேர்கள் சரிந்து இறங்குகின்றன. அடுக்கு கூடிய வகைகளுக்கு இரண்டு மண்ணும் எட்டும். இந்த எண்ணிக்கையை அறிய ஆய்வகம் தேவையில்லை. முளைத்த விதையை எடுத்துக் கண்ணால் பார்த்தே எண்ணிவிடலாம்.

அன்புடன்,
மாமா